திடப்படுத்தலுக்கு அடுத்த ஞாயிறு

தமிழகத்துத் திருச்சபைகள் பதின்பருவப் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டன என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. மே மாதம் வந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது. ஞாயிறு பள்ளியில் வசன மனப்பாடப் போட்டியும் வேதாகம வினாடி வினாவும் ஆண்டுதோறும் உண்டு. வாலிபர் ஐக்கியத்துக்கென்று ஒரு ஞாயிறு ஒதுக்குகிறார்கள். விடுமுறையில் முகாம் நடத்துகிறார்கள். டிசம்பர் பிறந்தால் வீடு வீடாகக் கேரல் பாடப் போகிறார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி வகுப்பு, பீடச்சிறார் குழு, இளைஞர் இயக்கம் என்ற பெயர்களில் இதே உழைப்பு தொடர்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 44 லட்சம் கிறிஸ்தவர்கள் வாழும் மாநிலம் இது. ஆகவே இந்த உழைப்பும் பெரியது, அதற்காக ஞாயிறுதோறும் நேரத்தைக் கொடுக்கும் ஆசிரியர்களின் எண்ணிக்கையும் பெரியது. இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி ஆயர்களையும் பெற்றோரையும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதில் திடப்படுத்தலுக்காக வெள்ளுடை உடுத்திப் பேராயரின் முன் வரிசையாக முழங்காலிட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இருபது வயதில் சொந்த விருப்பத்தோடு சபையில் இருக்கிறார்கள்?

கைபேசி, சினிமா, கல்லூரிச் சகவாசம், காலம் கெட்டுப்போனது என்று இதற்கு வழக்கமான பதில்கள் இருக்கின்றன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவை எல்லாமே சபைக்கு வெளியே இருப்பவை. எந்தச் சபைக் கமிட்டியும் தீர்மானம் போட்டு அவற்றை மாற்ற முடியாது. நம் கைக்கு எட்டும் காரணம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்காக நிறைய நிகழ்ச்சிகளை நடத்துகிறோம், ஆனால் சபையின் அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கென்று ஓர் இடம் வைக்கவில்லை. திடப்படுத்தல் நாளில் பிள்ளை திருவிருந்தில் பங்குபெறும் அங்கத்தினர் ஆகிறது. அதற்கு அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைக்குச் சபையில் என்ன வேலை? தன் வீட்டாரைத் தவிர எந்தப் பெரியவர் அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்? மனத்தில் ஒரு சந்தேகம் எழுந்தால் யாரிடம் போய்க் கேட்கலாம்? பெரும்பாலான சபைகளில் இந்த மூன்றுக்கும் விடை இல்லை. அந்த விடையை உண்டாக்குவதே பதின்பருவ ஊழியத்தின் முதல் வேலை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். முகாமும் போட்டியும் அந்த வேலைக்குத் துணை நிற்கலாம்; அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

ஆய்வுகள் காட்டுவது

இதுபற்றி விரிவாக ஆராய்ந்தவர்களில் அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித் முக்கியமானவர். அவர் தலைமையிலான குழு 2002, 2003 ஆண்டுகளில் 13 முதல் 17 வயது வரையுள்ள 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்டது. அவர்களில் 267 பேரை நேரில் சந்தித்து நெடுநேரம் பேசியது. மெலிண்டா டென்டனோடு சேர்ந்து 2005-ல் ஸ்மித் வெளியிட்ட 'சோல் சர்ச்சிங்' என்ற நூலில் அந்த முடிவுகள் உள்ளன. பிள்ளைகள் மதத்தின் மீது கோபத்தில் இருக்கிறார்கள் என்ற பொதுவான எண்ணத்தை ஆய்வு உறுதிசெய்யவில்லை. பெரும்பாலோர் பெற்றோரின் வழியிலேயே அமைதியாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய் என்று கேட்டபோது பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடவுள் இருக்கிறார், நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டும், கஷ்டம் வந்தால் அவர் உதவுவார், மகிழ்ச்சியாக இருப்பதுதான் வாழ்க்கை என்ற அளவில் அவர்கள் பேச்சு நின்றுவிட்டது. சிலுவை, மனந்திரும்புதல், மன்னிப்பு, அயலாருக்காகத் தன்னைக் கொடுத்தல் போன்றவை அந்தப் பேச்சில் அரிதாகவே வந்தன. இந்த ஆய்வில் பங்கெடுத்த இறையியல் பேராசிரியர் கெண்டா கிரீசி டீன் 2010-ல் எழுதிய நூலில் இதற்கான பொறுப்பைப் பிள்ளைகள் மீது போடவில்லை. சபையின் பெரியவர்கள் எதை வாழ்ந்து காட்டினார்களோ அதைத்தான் பிள்ளைகள் பிசகில்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம்.

இன்னும் இரண்டு ஆய்வுகள் இதே திசையைக் காட்டுகின்றன. தெற்குக் கலிபோர்னியாவில் 1970-ல் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த வெர்ன் பெங்ட்சன், 2013-ல் தன் முடிவுகளை நூலாக்கினார். ஒரு தலைமுறையின் நம்பிக்கை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதில் பெற்றோரின் பக்தியும் கண்டிப்பும் மட்டும் போதவில்லை. உறவின் நெருக்கம், குறிப்பாகத் தகப்பனோடு உள்ள நெருக்கம், பெரிய பங்கு வகித்தது. தாத்தா பாட்டிகளின் செல்வாக்கும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஃபுல்லர் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த காரா பவல் குழுவினர், சபை வாலிபர் குழுக்களிலிருந்து கல்லூரிக்குச் சென்ற சுமார் 500 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். தங்கள் வயதினரோடு மட்டும் இருந்தவர்களைவிட, எல்லா வயதினரும் கூடும் ஆராதனையிலும் பெரியவர்களின் உறவிலும் பங்கெடுத்தவர்களிடமே நம்பிக்கை முதிர்ச்சியோடு காணப்பட்டது. சந்தேகங்களை வெளிப்படையாகப் பேச இடம் கிடைத்தவர்களும் அப்படியே. இவையெல்லாம் இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதைச் சொல்கின்றனவே தவிர, ஒன்றைச் செய்தால் மற்றது கட்டாயம் நடக்கும் என்று உறுதி தரவில்லை. ஆனால் தனித்தனி ஆய்வுகள் ஒரே பக்கமாகக் கை நீட்டும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது அறிவுடைமை.

அமெரிக்கக் குடும்பம் வேறு, நம் குடும்பம் வேறு. அந்த ஊர் ஆய்வை நம் தலையில் கட்டலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் வளர்வது, ஊரே ஒரு சபையாக இருப்பது, கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் எல்லாரும் கூடுவது ஆகியவை நமக்கு இயல்பாகக் கிடைத்த பலங்கள். அசன விழாப் பந்தியில் ஒரு சிறுவன் இலை போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது, சபையின் பெரியவர்கள் அத்தனை பேரோடும் அவனுக்குப் பழக்கம் உண்டானது. அதை யாரும் ஊழியம் என்று பெயரிட்டுத் திட்டமிடவில்லை. ஆனால் அந்தப் பலங்கள் கரைந்துகொண்டிருக்கின்றன. வேலை தேடிக் குடும்பங்கள் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பெயர்ந்துவிட்டன. நகரத்துப் பெரிய சபைகளில் ஆராதனையே இரண்டாக, மூன்றாகப் பிரிந்து, பெற்றோர் ஒரு ஆராதனைக்கும் பிள்ளைகள் இன்னொன்றுக்கும் போகிறார்கள். வயதுவாரியாகப் பிரிப்பதை அமெரிக்கச் சபைகளிடமிருந்து நாம் கற்றுக்கொண்டோம். அதனால் அங்கே நேர்ந்த இழப்பையும் அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்வதில் தவறில்லை.

வேலை கொடுத்த இயக்கங்கள்

வாலிபர் ஊழியத்தின் வரலாற்றைப் பார்த்தாலும் இதே உண்மை தெரியும். 1844-ல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு ஜவுளிக்கடை ஊழியர், வயது 22. தன்னைப் போன்ற கடை ஊழியர்களுக்காக அவர்களைக் கொண்டே அந்த வேலையைச் செய்தார். 1881-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தில், உறுப்பினராகச் சேரும் ஒவ்வொருவரும் கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்காமல் ஏதாவது ஒரு வகையில் பங்கெடுப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும். சங்க வேலைகளை வாலிபர்களின் சிறு குழுக்களே பிரித்துக்கொண்டு நடத்தின. அந்தச் சங்கம் சில ஆண்டுகளிலேயே பல நாடுகளுக்குப் பரவியது. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1925-ல் உருப்பெறச் செய்த இளம் தொழிலாளர் இயக்கம், ஆலைகளில் வேலை செய்த இளைஞர்களிடம் உபதேசம் மட்டும் செய்யவில்லை. உன் வேலையிடத்தின் நிலைமையைப் பார், நற்செய்தியின் ஒளியில் அதைச் சீர்தூக்கு, பிறகு செயல்படு என்று மூன்று படிகளைக் கற்றுக்கொடுத்து, அந்தச் சிந்தனையை அவர்கள் பொறுப்பிலேயே விட்டது.

நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வாலிபப் பருவத்திலேயே ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றியவர். வெளிநாட்டுப் பணத்தையோ வெளிநாட்டு நிர்வாகத்தையோ சாராமல் இந்தியர்களே நடத்தும் மிஷனெரிப் பணி வேண்டும் என்று 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்நின்றபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். வில்லியம்ஸும் அசரியாவும் இருபதுகளில் இருந்தவர்கள், பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்று கேட்டால், ஒப்பிட முடியாதுதான். ஆனால் பொறுப்பைச் சுமக்கும் பழக்கம் இருபத்தைந்து வயதில் திடீரென்று வந்துவிடாது. சீலோவின் ஆலயத்தில் ஏலியின் அருகில் பணிவிடை செய்தபோது சாமுவேல் சிறுவன். எருசலேம் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து கேட்டதும் கேள்வி எழுப்பியதுமாகப் பன்னிரண்டு வயது இயேசுவை லூக்கா காட்டுகிறார். அங்கே பிள்ளைகளுக்கென்று தனி அறை இருந்ததாகச் சொல்லவில்லை. பெரியவர்களின் வட்டத்துக்குள்ளேயே அவருக்கு இடம் இருந்தது.

இந்த வாதத்தை ஒரு சபை எப்படி நடைமுறையாக்கலாம்? முதலில் வேலை. இன்று வாலிபர்களுக்கு நாம் தரும் வேலைகள் நாற்காலி அடுக்குவது, தோரணம் கட்டுவது, கேரல் பாடுவது, விழாவில் வரிசையை ஒழுங்குபடுத்துவது. இவை தேவையானவைதான். ஆனால் நாற்காலி அடுக்கும் பிள்ளைக்கு, தான் இல்லாவிட்டால் சபையில் ஏதோ ஒன்று குறையும் என்ற உணர்வு வராது. திடப்படுத்தல் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த வாரமே ஒரு நிலையான பொறுப்பைக் கொடுக்க வேண்டும். வேதபாடம் வாசிப்பதென்றால் ஒரு வாரம் முன்பே பகுதியைக் கொடுத்து, ஆயரோ மூப்பரோ அதன் பொருளைப் பேசிப் பழக்க வேண்டும். கண் மங்கிய முதியவர்களின் வீட்டுக்குப் போய் வாரம் ஒருமுறை வேதம் வாசிப்பது, ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்புக்கு ஆசிரியரோடு உதவியாக நிற்பது, ஒலிபெருக்கியையும் நேரலை ஒளிபரப்பையும் கவனிப்பது, காணிக்கை எண்ணும்போது உடனிருந்து கணக்கு எழுதப் பழகுவது, சபையின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது என்று பிள்ளைகளால் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகள் நிறைய உள்ளன. சபைக் கமிட்டியில் வாக்கு இல்லாவிட்டாலும், பதினாறு வயதுப் பிள்ளைகள் இருவரை அழைத்து உட்காரவைத்து அவர்கள் கருத்தையும் கேட்கலாம். உலகளாவிய கத்தோலிக்கத் திருச்சபை 2018-ல் இளைஞரைப் பற்றி ஆயர் மாமன்றம் கூட்டுவதற்கு முன்பு, பல நாடுகளிலிருந்து சுமார் 300 இளைஞர்களை ரோமுக்கு அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்டது. ஓர் உள்ளூர்ச் சபைக்கு அது இன்னும் எளிது.

பொழுதுபோக்கு இல்லாவிட்டால் பிள்ளைகள் வரவே மாட்டார்களே, வேலை கொடுத்தால் ஓடிவிடுவார்களே என்ற அச்சம் பல ஆயர்களிடம் இருக்கிறது. கீபோர்டும் டிரம்ஸும் வண்ண விளக்கும் இல்லாமல் வாலிபர் கூடுகையை நினைத்துப் பார்க்க முடியாத நிலைக்கு அந்த அச்சம்தான் கொண்டுவந்தது. இதற்கு எதிரான சான்று பிரான்சிலுள்ள தெய்சே என்ற சிற்றூரில் இருக்கிறது. சகோதரர் ரோஜர் 1940-ல் அங்கே வந்து தொடங்கிய துறவறச் சமூகத்தைத் தேடி, பல நாட்டு இளைஞர்கள் கோடைகாலத்தில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அங்கே நாளுக்கு மூன்று வேளை ஜெபம்; சிறு சிறு பாடல்களைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள்; நடுவே நீண்ட மௌனம். எளிய சாப்பாடு, எளிய தங்குமிடம். சமையலில் உதவுவதும் பாத்திரம் கழுவுவதும் இடத்தைச் சுத்தம் செய்வதும் வந்தவர்களின் முறைவேலை. கேளிக்கை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை, ஆனாலும் அவர்கள் வருகிறார்கள். தன்னை ஒரு பெரியவனாக நடத்தும் இடத்தைப் பதின்பருவம் தேடுகிறது. கேளிக்கையில் சினிமாவோடும் கைபேசியோடும் சபை போட்டியிட்டால் தோற்கும். பொறுப்பையும் ஜெபத்தையும் கொடுப்பதில் அதற்குப் போட்டியே இல்லை.

ஒரு பிள்ளைக்கு ஐந்து பெரியவர்கள்

இரண்டாவது, உறவு. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று கணக்குப் போடுவதை மாற்றி, ஒரு பிள்ளைக்கு ஐந்து பெரியவர்கள் என்று யோசிக்கும்படி ஃபுல்லர் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஐந்து பேரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையின் பெயர், படிக்கும் வகுப்பு, பிடித்த விளையாட்டு, வீட்டுக் கவலை தெரிந்திருக்க வேண்டும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நின்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். பாடற்குழுவில் பாடும் ஓர் அக்கா, பெண்கள் ஐக்கியத்தில் ஓர் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு தாத்தா, பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன், ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்று ஐவர் போதும். ஆண்டுக்கு ஒருமுறை ஆயரும் கமிட்டியும் சபையிலுள்ள எல்லாப் பதின்பருவப் பிள்ளைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த ஐவரின் பெயரை நிரப்பிப் பார்க்கட்டும். எந்தப் பெயருக்கு எதிரே வெற்றிடம் இருக்கிறதோ, அந்தப் பிள்ளைதான் நாளை காணாமல் போகப்போகும் பிள்ளை. பெரும்பாலும் அது சபைக்குப் புதிதாக வந்த குடும்பத்தின் பிள்ளையாகவோ, தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையாகவோ, சத்தமில்லாமல் பின்வரிசையில் உட்காரும் பிள்ளையாகவோ இருக்கும்.

பெரியவர்களைப் பிள்ளைகளோடு பழகவிடுவதில் ஆபத்து இல்லையா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆபத்து உண்டு, சபை என்பதாலேயே அது இல்லாமல் போய்விடாது. ஆகவே விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தச் சந்திப்பும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் நடக்க வேண்டும். முகாமிலும் பயணத்திலும் எப்போதும் இரண்டு பெரியவர்களாவது உடனிருக்க வேண்டும். பெற்றோருக்குத் தெரியாத தனிப்பட்ட கைபேசி உரையாடல் கூடாது. புகார் எழுந்தால் சபையின் பெயரைக் காப்பாற்ற மூடி மறைக்காமல், 2012-ல் வந்த போக்சோ சட்டம் சொல்கிறபடி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விதிகளைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து நல்ல பெரியவர்களை அறிந்திருக்கும் பிள்ளைக்கு, ஆறாவது ஒருவர் தவறாக நடந்தால் ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இருக்கிறது. யாரையும் அறியாத பிள்ளையே அதிக ஆபத்தில் இருக்கிறது.

உறவு தொடங்கும் இடம் வீடு. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்ததைப் பவுல் நினைவுபடுத்துகிறார். நம் வீடுகளில் குடும்ப ஜெபம் என்ற நல்ல வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அது பிள்ளைகளின் குற்றங்களைக் கடவுளிடம் சொல்லும் நேரமாகவும், அம்மா தனியாகச் சுமக்கும் கடமையாகவும் ஆகிவிட்டது. பத்து நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் பிள்ளையே வேதபகுதியைத் தேர்ந்து நடத்தட்டும். வாசித்த பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் புரியாத ஒன்றைச் சொல்லட்டும். தகப்பன் தன் வேலையிடத்துக் கவலை ஒன்றைச் சொல்லி, எனக்காக ஜெபி என்று பிள்ளையிடம் கேட்கட்டும். தகப்பனும் ஜெபத்தின் தேவையில் இருக்கும் ஒரு மனிதர் என்று பிள்ளை உணரும் அந்த நேரம், பல பிரசங்கங்கள் செய்ய முடியாததைச் செய்யும். கிறிஸ்தவப் பெற்றோர் இல்லாத பிள்ளைகளும் வீட்டில் அமைதி இல்லாத பிள்ளைகளும் சபையில் உண்டு. அவர்களுக்கு அந்த ஐவரில் ஒருவரின் வீட்டு மேசையில் இடம் வேண்டும்.

கேள்விக்கு ஓர் இருக்கை

மூன்றாவது, கேள்வி. பள்ளியில் பரிணாமம் படிக்கும் பிள்ளை ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எப்படி வாசிப்பது என்று குழம்புகிறது. நெருங்கிய நண்பன் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருக்கும்போது இரட்சிப்பு பற்றிய பிரசங்கம் அந்த மனத்தில் ஒரு வலியை உண்டாக்குகிறது. அம்மாவின் நோய்க்காக ஊரே உபவாசித்து ஜெபித்தும் அவர் இறந்தால், அந்த வலிக்கு யார் பதில் சொல்வது? கிறிஸ்துவுக்குள் யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை என்று மனப்பாடம் செய்த பிள்ளை, சபைக்குள் திருமணப் பேச்சிலும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி இருப்பதைப் பார்க்கிறது. இந்தக் கேள்விகளைச் சபைக்குள் எழுப்ப இடம் இல்லாதபோது, பிள்ளைகள் அவற்றைக் கைபேசியில் முகம் தெரியாதவர்களிடம் கேட்கிறார்கள். அல்லது கேட்பதையே விட்டுவிட்டு, ஒரு நாள் சபையையும் விட்டுவிடுகிறார்கள்.

மாதம் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கலாம். பெயர் எழுதாமல் கேள்வியைப் போட ஒரு பெட்டி வைக்கலாம். சில கட்டுப்பாடுகள் வேண்டும். எந்தக் கேள்வியும் பாவமாகக் கருதப்படாது. கேட்டவரைப் பற்றிப் பெற்றோரிடம் புகார் போகாது. ஒரு பிள்ளையின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, படித்துவிட்டு அடுத்த மாதம் திரும்பி வர வேண்டும். ஆயர் மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. சபையில் இருக்கும் மருத்துவரும் அறிவியல் ஆசிரியரும் வழக்கறிஞரும் தங்கள் விசுவாசம் எப்படி நிலைத்தது என்று பேசலாம். கத்தோலிக்கர் 2011-ல் வெளியிட்ட 'யூகேட்' என்ற இளையோர் மறைக்கல்வி நூல், இளைஞர் சிலரின் பங்களிப்போடு, கேள்வி பதில் வடிவத்தில் எழுதப்பட்டது. திடப்படுத்தல் வகுப்பும் இப்படி அமையலாம். விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிப்பதோடு நிறுத்தாமல், அதன் ஒவ்வொரு பகுதியும் தனக்கு என்ன சொல்கிறது, எது தனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது என்று பிள்ளை சொந்த நடையில் ஒரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கத்தை வைத்து ஆயர் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் பேசட்டும்.

சந்தேகத்தை மேடையேற்றினால் மற்றப் பிள்ளைகளுக்கும் அது தொற்றிவிடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். சந்தேகத்தை நாம் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. சபைக்குள் பேசப்பட்டால் உடன் நிற்கப் பெரியவர்கள் இருப்பார்கள், வெளியே பேசப்பட்டால் இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. உறவு, கேள்வி என்று போனால் உபதேசம் நீர்த்துப்போகாதா என்று வேறு சிலர் கவலைப்படுகிறார்கள். ஸ்மித்தின் ஆய்வு அந்தக் கவலைக்கு வலுச்சேர்க்கிறது என்பதை மறுக்க முடியாது. பிள்ளைகளுக்கு உபதேசம் தெரியவில்லை என்பதுதான் அதன் முறைப்பாடு. ஆனால் சொல்லத் தெரியாமல் போனதற்குக் காரணம், அவர்கள் கேட்டார்களே தவிரப் பேசவில்லை. ஒரு பாஷையைப் பேசிப் பழகாமல் கேட்டு மட்டும் கற்றவர் போல அவர்கள் விசுவாசத்தைக் கற்றிருக்கிறார்கள். கேள்வி எழுப்பி, தடுமாறி, தன் வாயால் சொல்லிப் பார்க்கும்போதுதான் உபதேசம் ஒருவருக்குச் சொந்தமாகிறது.

மதிப்பெண்ணும் கிருபையும்

இந்த மாநிலத்தில் பதின்பருவத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பொதுத்தேர்வைப் பேசாமல் இருக்க முடியாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நீட் தேர்வும் நம் வீடுகளின் நாட்காட்டியையே மாற்றிவிடுகின்றன. ஞாயிறு காலையில் டியூஷன் இருக்கிறது, இந்த ஆண்டு மட்டும் சபைக்கு விடுமுறை என்று பக்தியுள்ள பெற்றோரே சொல்கிறார்கள். டியூஷனோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை. தேர்வு எழுதும் பிள்ளைக்கு மாலையில் அரைமணி நேர ஜெபமும், மின்விசிறியும் நல்ல வெளிச்சமும் உள்ள சபை மண்டபத்தில் படிக்க இடமும், பாடத்தில் உதவ ஓர் ஆசிரியரும் கொடுக்கலாம். வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைகளுக்கு அது பெரும் உதவி. ஆனால் அதைவிட ஆழமான ஒரு விஷயத்தைச் சபை யோசிக்க வேண்டும். தேர்வுக்கு முன்பு சிறப்பு ஜெபம் வைக்கிறோம். முடிவு வந்ததும் அதிக மதிப்பெண் எடுத்தவர்களை முன்னே அழைத்துப் பரிசு கொடுக்கிறோம். தோல்வியடைந்த பிள்ளை அந்த ஞாயிறு வருவதில்லை. ஜெபித்தும் தோற்றேன், கடவுளுக்கு என் மேல் பிரியமில்லை, சபைக்கும் நான் வேண்டாதவன் என்ற முடிவுக்கு ஒரு பிள்ளை அந்த நாளில் வரக்கூடும். கிருபை என்பது தகுதியில்லாதவருக்குக் கிடைப்பது என்று பதினைந்து ஆண்டுகள் கற்பித்துவிட்டு, அதைக் காட்ட வேண்டிய ஒரே நாளில் நாம் மதிப்பெண் பட்டியலை வாசிக்கிறோம். முடிவு வரும் அன்றே, பரிசளிப்புக்கு முன்பே, தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு அந்த ஐவரில் ஒருவர் போக வேண்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க உதவ வேண்டும். பரிசு கொடுப்பதாக இருந்தால், படிப்பை முடித்த எல்லாருக்கும் ஒரே பரிசு கொடுத்து ஆசீர்வதித்து அனுப்பலாம்.

அனுப்புவதிலும் ஒரு முறை வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை விடுதிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில், பல சபைகள் அதன் பெயரைத் தங்கள் கவனத்திலிருந்து எடுத்துவிடுகின்றன. புதிய ஊரில் முதல் சில வாரங்களில் உண்டாகும் பழக்கங்களே பெரும்பாலும் நிலைத்துவிடும். போகும் ஊரிலுள்ள ஒரு சபையின் ஆயருக்கு முன்கூட்டியே பேச வேண்டும். அங்குள்ள மாணவர் ஐக்கியங்களைப் பற்றிச் சொல்லி அனுப்ப வேண்டும். எஸ்.சி.எம்., யு.இ.எஸ்.ஐ., ஐக்கஃப் போன்ற மாணவர் இயக்கங்கள் பல பத்தாண்டுகளாக இந்தியக் கல்லூரிகளில் இதற்காகவே உழைக்கின்றன. சொந்தச் சபையின் பெரியவர் ஒருவர் முதல் மாதத்தில் ஒரு முறையாவது கூப்பிட்டு, சாப்பிட்டாயா, அறைத்தோழர்கள் எப்படி, எந்தச் சபைக்குப் போகிறாய் என்று கேட்க வேண்டும். விடுமுறைக்கு வரும்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் தன் கல்லூரி அனுபவத்தைப் பேச அழைக்க வேண்டும்.

இதெல்லாம் நகரத்துப் பெரிய சபைகளுக்குத்தான் முடியும், எங்களிடம் ஆளும் பணமும் இல்லை என்று ஒரு கிராமத்துச் சபையார் சொல்லலாம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. நாற்பது குடும்பங்கள் உள்ள சபையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் எல்லாருக்கும் தெரியும். அங்கே ஐந்து பெரியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களிடம் பொறுப்பைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. விசுவாசம் தேவனுடைய ஈவு, அதை மனித முறைகளால் உண்டாக்க முடியாது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். அது உண்மை. எந்தத் திட்டமும் ஒரு பிள்ளையை விசுவாசியாக்க முடியாது. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், வீட்டிலும் வழியிலும் பேசுங்கள், அவர்கள் கேட்கும்போது விளக்குங்கள் என்று இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்டவரும் அதே தேவன்தான். ஈவு அவருடையது, தடையை அகற்றும் கடமை நம்முடையது. ஒரு பிள்ளைக்கு இடம் தராத சபை அந்தத் தடைகளில் ஒன்றாக நிற்கக் கூடாது.

இந்த வழி பெரியவர்களிடம்தான் அதிகம் கேட்கிறது. பிள்ளையிடம் வேலையைக் கொடுக்கும் மூப்பர், அது தவறிப்போனால் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்கும் பதினாறு வயதுப் பெண்ணின் முன் ஒரு பெரியவர் தன் விசுவாசத்துக்குத் தானே விளக்கம் தேட வேண்டும். சாதியைப் பற்றிய கேள்வி எழுந்தால் சபை தன் பதிலைச் செயலால் திருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்காக இதைச் செய்யத் தொடங்கும் சபை, சில ஆண்டுகளில் தன் விசுவாசத்தையே புதிதாகக் கற்றிருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பல சபைகளில் ஞாயிறு பள்ளியும் திடப்படுத்தல் வகுப்பும் புதிய ஆண்டைத் தொடங்கும். அதற்கு முன் கூடும் கமிட்டிக் கூட்டத்தில் முகாமுக்கான செலவை முடிவு செய்வதற்கு முன்பு, சபையிலுள்ள பதின்பருவப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வேலையையும் ஐந்து பெரியவர்களின் பெயரையும் எழுதுங்கள். அந்தத் தாள் நிரம்பிய பிறகு முகாமைப் பற்றிப் பேசலாம்.